போட்டி முடிந்தபின் படிவங்கள் எங்கே போகின்றன?

சிங்கப்பூரில் இயங்கும் தமிழ் அமைப்புகளின் செயற்குழு உறுப்பினர்களுக்கும், துணைப்பாட நிலையங்களை நடத்துவோருக்கும்,

வணக்கம்.

ஆண்டுதோறும் ஏப்ரலில் தமிழ் மொழி விழா வந்துவிட்டால் பேச்சுப் போட்டி, கதை சொல்லும் போட்டி, மாறுவேடப் போட்டி, கட்டுரைப் போட்டி என்று பிள்ளைகளுக்கு ஓய்வே இருக்காது. உங்களுக்கும்தான். வேலை முடிந்து வந்து இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்து பங்கேற்பாளர் பட்டியலைச் சரிபார்ப்பவர்களை எனக்குத் தெரியும். அந்த உழைப்பைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கேட்க வந்தது வேறு விஷயம். ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு படிவம் உண்டு. பெயர், பிறந்த தேதி, பிறப்புச் சான்றிதழ் எண், பள்ளி, வகுப்பு, பெற்றோர் பெயர், கைப்பேசி எண், வீட்டு முகவரி என அதில் எல்லாம் இருக்கும். சில இடங்களில் சான்றிதழின் நகலையும் பின்னால் இணைக்கச் சொல்கிறீர்கள். பரிசளிப்பு விழா முடிந்து, படங்களை ஃபேஸ்புக்கில் போட்டபின், அந்தப் படிவங்கள் எங்கே போகின்றன?

கேட்டுப் பார்த்தால் சிலர் “அலமாரியிலதான் இருக்கும்” என்று இழுப்பார்கள். சிலர் “ரீசைக்கிளிங்கில் போட்டுட்டோம்” என்பார்கள். இன்னும் சிலர், “ஷ்ரெட் பண்ணிட்டோம், கவலைப்படாதீங்க” என்று நிமிர்ந்து சொல்வார்கள். எனக்கு அதிகக் கவலை தருவது அந்த நிமிர்ந்த பதில்தான். மற்றவர்களுக்குத் தாங்கள் இன்னும் ஏதோ செய்ய வேண்டும் என்பதாவது தெரிகிறது.

நான் ஒரு கணக்காய்வு அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் பல காலம் வேலை பார்த்தவள். எதை எத்தனை ஆண்டு வைத்திருப்பது, எதை எப்படி அழிப்பது என்பதே என் பிழைப்பாக இருந்தது. அதனால் தொண்டூழியத்துக்கு எங்கே போனாலும் அலுவலக மூலையில் நிற்கும் ஷ்ரெடர் மேல்தான் என் கண் முதலில் போகும். பெரும்பாலும் அது தாளை நீளவாக்கில் நாடா நாடாவாகக் கிழிக்கும் மலிவான ரகமாக இருக்கும். தொட்டியும் நிரம்பி வழியும்.

அந்த நாடாக்களை ஒருநாள் எடுத்துப் பாருங்கள். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். இயந்திரம் 6 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டினால் கிடைப்பது 35 துண்டு. பாலர் பள்ளிப் பிள்ளைக்கு வாங்கித் தரும் ஜிக்சா புதிரில்கூட அதைவிட அதிகத் துண்டுகள் இருக்கும். அதிலும் ஒரே தாளின் நாடாக்கள் தொட்டியில் சிதறிப் போவதில்லை, ஒரே இடத்தில் சேர்ந்தே விழுகின்றன. நீல மையில் எழுதியது ஒருபக்கம், ரோஸ் நிறத் தாள் ஒருபக்கம், புகைப்படத்தின் ஓரம் ஒருபக்கம் என்று பிரிப்பதற்கான அடையாளங்களும் கூடவே இருக்கின்றன. தாளைத் திருப்பி நீளப்பக்கம் முதலில் போகும்படி செருகிவிட்டாலோ நிலைமை இன்னும் மோசம். வெட்டு எழுத்து வரியின் திசையிலேயே ஓடும். தாள் ஏறத்தாழ 50 நாடாவாகும், ஆனால் நாடாவுக்கு ஒரு வரி முழுசாகத் தப்பிவிடும். ஒட்டிச் சேர்க்கும் வேலைகூட மிச்சம், கையில் எடுத்துப் படித்தால் போதும்.

இப்படிச் சேர்த்துப் படித்த வரலாறு உண்டு. 1979 நவம்பரில் டெஹ்ரானிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குள் மாணவர்கள் புகுந்தபோது, உள்ளே இருந்த அதிகாரிகள் அவசர அவசரமாக ஆவணங்களை ஷ்ரெடரில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் பெரும்பகுதி நாடாவாக வெட்டும் இயந்திரத்தில் போனது. பிறகு கம்பளம் நெய்கிறவர்களையும் உட்கார வைத்து அந்த நாடாக்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். மீண்ட ஆவணங்கள் புத்தகங்களாகவே அச்சாகித் தெருவில் விற்பனைக்கு வந்தன. இழையோடு இழை சேர்த்துப் பழகிய கைகளுக்கு அது புதிய வேலையில்லை.

கிழக்கு ஜெர்மனியின் கதை இதைவிடப் பெரியது. 1989இல் அங்கே ஆட்சி ஆட்டம் கண்டதும், ஸ்டாசி என்ற இரகசியக் காவல்துறை தன் கோப்புகளை அழிக்க முனைந்தது. இயந்திரங்கள் தாங்காமல் நின்றுவிட, அதிகாரிகள் கையாலேயே கிழித்து மூட்டை கட்டினார்கள். மக்கள் உள்ளே நுழைந்து தடுத்ததில் சுமார் 16,000 மூட்டைகள் தப்பின. 1995 முதல் நியூரம்பெர்க் அருகே ஒரு சிற்றூரில் சில ஊழியர்கள் உட்கார்ந்து, ஒட்டுநாடாவும் பொறுமையுமாக 15 இலட்சம் பக்கங்களுக்கு மேல் மீட்டார்கள். 2007இல் பெர்லினிலுள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக்கழகம் கணினியை இறக்கியது. துண்டின் வடிவம், தாளின் நிறம், எழுத்து, கோடு எல்லாவற்றையும் ஒப்பிட்டு எது எதோடு சேரும் என்று சொல்லும் மென்பொருள் அது. 400 மூட்டை என்று தொடங்கிய திட்டம் 23 மூட்டைகளோடு நின்றுபோனது. துண்டுகளை வருடிப் படமெடுக்கும் வேலையே பெரும்பாடாகிவிட்டது. கணினி வந்தும் அங்கே கைதான் ஜெயித்தது என்பது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமான செய்தி. ஆனால் அதிலுள்ள எச்சரிக்கை வேறு: நான்காகவும் எட்டாகவும் கையால் கிழித்துப் போடுவது அழிப்பே இல்லை.

பொடியாக வெட்டினால்? 2011இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமையான தார்ப்பா ஒரு போட்டி வைத்தது. கையெழுத்துத் தாள்களைப் பொடிப்பொடியாக வெட்டி, துண்டுகளின் படத்தை இணையத்தில் போட்டு, மொத்தம் ஐந்து புதிர்களை விடுவிக்கச் சொன்னார்கள். பரிசு 50,000 அமெரிக்க டாலர். பதிவு செய்தவை ஏறத்தாழ 9,000 குழுக்கள். சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஒரு சிறு குழு 33 நாளில் ஐந்தையும் முடித்துவிட்டது. எந்தத் துண்டுக்கு எது பக்கத்தில் வரும் என்று அவர்களுடைய மென்பொருள் யோசனை சொல்லும், சரியா தப்பா என்று மனிதக் கண் முடிவு செய்யும். மொத்தம் 10,000க்கு மேல் துண்டுகள்.

“நம்ம பிள்ளைகளோட மாறுவேடப் போட்டிப் படிவத்துக்காக யார் 33 நாள் உட்காரப் போறாங்க?” என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. யாரும் உட்காரப் போவதில்லைதான். ஆனால் உங்களிடமிருந்து எடுப்பவருக்கு முழுத்தாள் எதற்கு? அவருக்கு ஒரு வரி போதும். சில சமயம் அரை வரி.

நம்முடைய ஐசி எண்ணையே, அதாவது அடையாள அட்டை எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஓர் எழுத்து, ஏழு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. 1968 முதல் இங்கே பிறந்தவர்களுக்கு அந்த ஏழில் முதல் இரண்டு பிறந்த ஆண்டு. 2000 முதல் பிறந்தவர்களுக்கு முன்னெழுத்து ‘டி’. கடைசி எழுத்து சும்மா வருவதில்லை. மற்ற இலக்கங்களைக் குறிப்பிட்ட எண்களால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து, மீதியைப் பார்த்துத்தான் அந்த எழுத்தைப் போடுகிறார்கள். இப்போது ஒரு நாடாவில் கடைசி மூன்று இலக்கமும் எழுத்தும் மட்டும் தப்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த ஆண்டு இன்னொரு நாடாவில் இருக்கும், இல்லாவிட்டால் வகுப்பை வைத்தே சொல்லிவிடலாம். மிச்சம் தெரியாதது இரண்டே இலக்கம். நூறு வாய்ப்பு இருப்பதுபோலத் தோன்றும். கடைசி எழுத்து அவற்றில் பெரும்பாலானவற்றைத் தள்ளிவிடும். நிற்பது ஒன்பது அல்லது பத்து எண்கள். படிவத்தில் “கடைசி நான்கு மட்டும் எழுதினால் போதும்” என்று கேட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டத்திலேயே பிறந்த தேதியையும் கேட்கிறவர்கள், தாங்கள் முழு எண்ணைக் கேட்கவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

2024 டிசம்பரில் நிறுவனப் பதிவுத் தளம் ஒன்றில் முழு ஐசி எண்கள் தெரிந்தபோது நடந்த விவாதம் நினைவிருக்கும். பாதியை மறைப்பதில் பெரிய பயனில்லை, எளிய கணக்கிலேயே முழு எண்ணை ஊகித்துவிடலாம் என்று அப்போது அரசாங்கத் தரப்பே சொன்னது. எண் என்பது பெயரைப் போன்ற ஓர் அடையாளம், அதைக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்தக்கூடாது என்றும் சொன்னார்கள். சரிதான், ஒப்புக்கொள்கிறேன். எண் இரகசியமில்லை என்றால் படிவத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்று அதைக் காட்டி என்னிடம் கேட்டவர்களும் உண்டு. படிவத்தில் இருப்பது எண் மட்டுமில்லை என்பதுதான் காரணம். அம்மா பெயர், அப்பா பெயர், பிள்ளையின் பள்ளி, வகுப்பு, புளோக் எண், கைப்பேசி எண் எல்லாம் ஒரே தாளில் ஒன்றுகூடி நிற்கின்றன. “உங்கள் மகள் இந்தப் பள்ளியில் நாலாம் வகுப்புத்தானே, நான் அலுவலகத்திலிருந்து பேசுகிறேன்” என்று ஒருவன் தொடங்கினால் எந்தத் தாயும் அடுத்த வாக்கியத்தைக் கேட்பாள். மோசடிக்காரனுக்கு வேண்டியது அந்த முதல் அரை நிமிட நம்பிக்கைதான்.

இன்னொன்று. இங்கே பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எண்தான் பிற்பாடு அதன் ஐசி எண்ணாகவும் ஆகிறது. ஏழு வயதில் ஒரு கதை சொல்லும் போட்டிக்காகக் கொடுத்த எண், எழுபது வயதுவரை அதே எண். கடவுச்சொல்லை மாற்றுவதுபோல இதை மாற்ற முடியாது. அந்தப் போட்டியில் பிள்ளைக்குக் கிடைத்தது ஒரு பங்கேற்புச் சான்றிதழும் ஒரு பாக்கெட் மைலோவும்.

அண்மையில் என் உறவினர் வீட்டுப் பிள்ளை ஒரு வகுப்பிலிருந்து ஓவியத் தாளோடு வந்தது. வாழைமரமும் பொங்கல் பானையும் அழகாக வரைந்திருந்தது. திருப்பினால் பின்பக்கத்தில் யாரோ ஒரு குடும்பத்தின் முந்தைய ஆண்டுப் பதிவுப் படிவம், கையெழுத்தோடு! எந்த இடம் என்று இங்கே எழுதப் போவதில்லை. நேரில் சொல்லிவிட்டேன், அவர்களும் மிச்சத் தாள்களை எடுத்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் தாளைக் குப்பையில் போட நம்மில் பலருக்கு மனசு வராது. அந்தச் சிக்கனம் நல்ல பழக்கம்தான், ஆனால் மறுபக்கத்தில் ஓர் ஆளின் விவரம் இருக்கும்போது அது செல்லாது. 2018இல் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் விசாரித்த ஒரு வழக்கும் இதே மாதிரிதான். பணிப்பெண் முகவை ஒன்றின் ஊழியர் வாடிக்கையாளருக்குக் குறிப்பெழுதிக் கொடுத்த தாளின் பின்புறத்தில் வேறொருவரின் சொந்தத் தகவல் இருந்தது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீங்களே படித்துக்கொள்ளலாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நிறைவேறி, அதன் முக்கியப் பகுதிகள் 2014 ஜூலை 2 முதல் நடப்பில் உள்ளன. அது பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமல்ல, சங்கங்களுக்கும் மன்றங்களுக்கும் பொருந்தும். தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நீங்களும் நியமித்திருக்க வேண்டும். (“யாருங்க நம்ம அதிகாரி?” என்று அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.) தேவை முடிந்த தகவலை வைத்திருக்கக்கூடாது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டாலோ ஆளை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்த வேண்டியிருந்தாலோ தவிர, ஐசி எண்ணையோ பிறப்புச் சான்றிதழ் எண்ணையோ நிறுவனங்கள் வாங்கக்கூடாது. மாறுவேடப் போட்டி அந்த விதிவிலக்கில் எப்படி வரும் என்று எனக்கு யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன். “ஆடிட்டுக்காக எல்லாத்தையும் ஐந்து வருஷம் வைக்கணும்” என்று பொருளாளர்கள் சொல்வதுண்டு. ஐந்தாண்டு என்பது கணக்குப் பதிவேடுகளுக்கு. தோற்றுப்போன பிள்ளையின் முகவரிக்கு இல்லை.

சரி, அழிப்பது எப்படி?

புளோக்கின் கீழே நிற்கும் நீல நிற மறுசுழற்சித் தொட்டி பலருக்கும் முதல் யோசனை. தாள் வீணாகாது, நல்ல காரியம். ஆனால் அந்தத் தொட்டியில் போடுவது உடனே கூழாகிவிடுவதில்லை. அங்கேயே கிளறி அட்டைப்பெட்டி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பிறகு லாரியில் ஏறி, தரம் பிரிக்கும் இடத்துக்குப் போய், அங்கேயும் மனிதக் கைகளைக் கடக்க வேண்டும். பழைய சாமான் வாங்கும் கராங் குனிக்காரரிடம் கட்டிக் கொடுப்பதும் அப்படியே. அவர் நேர்மையானவராக இருக்கலாம், கட்டு அவரோடு நின்றுவிடுவதில்லையே. வீட்டுக் குப்பைக் குழாயில் போவதோ எரியாலைக்குப் போய்ச் சாம்பலாகி செமக்காவ் நிலநிரப்புக்குச் சேர்கிறது. அதனால் விவரம் உள்ள தாளை மட்டும் பொடியாக வெட்டி, சமையல் கழிவோடு பையில் கட்டிக் குழாயில் போடுங்கள் என்பேன். மறுசுழற்சி ஆர்வலர்கள் என்னைக் கோபித்துக்கொள்வார்கள். வெட்டிய பொடி மறுசுழற்சிக்கும் அவ்வளவு உதவாது, நார் குட்டையாகிவிடுகிறது, தரம் பிரிக்கும் இயந்திரத்தின் இடுக்கில் விழுந்துவிடுகிறது என்பதுதான் என் சமாதானம். வெற்றுத் தாளையும் பழைய நாளிதழையும் தாராளமாக நீலத் தொட்டியில் போடுங்கள்.

எரிக்கலாமே என்று ஒரு பெரியவர் சொன்னார். ஏழாம் மாதத்தில் சீன அண்டைவீட்டார் காகிதம் எரிக்க வைத்திருக்கும் கலன் அவர் மனதில் இருந்தது. வேண்டாம் ஐயா. அது அவர்களுடைய வழிபாட்டுக்கு. தவிர, கட்டாக இருக்கும் தாள் ஓரம்தான் கருகும், நடுப்பகுதி அப்படியே இருக்கும். பாதி எரிந்த தாள் காற்றில் பறந்து அடுத்த புளோக்கில் விழும்.

இயந்திரம் வாங்குவதென்றால் நாடா ரகத்தை விட்டுவிட்டுக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் ரகத்தை வாங்குங்கள். பெட்டியில் பி-1 முதல் பி-7 வரை ஒரு தரம் போட்டிருக்கும். ஜெர்மானியர் வகுத்த அளவுகோல், இப்போது உலகத் தரமாகவும் ஆகிவிட்டது. பி-4 என்றால் ஒரு துண்டு 160 சதுர மில்லிமீட்டருக்கு மேல் போகாது, ஓர் ஏ4 தாள் 400 துண்டுக்கு அருகில் வரும். பி-5இல் 30 சதுர மில்லிமீட்டர், அதாவது 2,000 துண்டுக்கு மேல். சங்க அலுவலகத்துக்கு பி-4 போதும். பிள்ளைகளின் மருத்துவ விவரமும் வாங்கி வைத்திருக்கும் நிலையங்கள் பி-5க்குப் போகலாம். பி-7 தூதரகங்களுக்கு, நமக்கு வேண்டாம், அது தாளை மாவாக்கும் வேகத்தில் நம் தொண்டூழியர்கள் ஓடிவிடுவார்கள். படிவங்களை ஒன்றொன்றாகக் கொடுக்காமல் பழைய சுற்றறிக்கை, துண்டுப் பிரசுரம் என்று மற்றத் தாள்களோடு கலந்து கொடுங்கள், தொட்டியை நன்றாகக் கிளறிவிட்டுக் கட்டுங்கள். பெட்டி பெட்டியாகத் தேங்கியிருந்தால், ஆவணங்களை அழித்துத் தரும் நிறுவனங்களைக் கூப்பிடுங்கள். வாசலுக்கே வண்டி கொண்டுவந்து கண்ணெதிரே அரைத்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அழித்ததற்குச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். வீட்டில் இயந்திரம் இல்லாதவர்களுக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். கிழித்து இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் கையால் பிசைந்துவிட்டால் எந்த மென்பொருளும் அதைச் சேர்க்காது. ஓர் ஆண்டு மசேநி (மத்திய சேமநிதி) அறிக்கையையும் வங்கிக் கடிதங்களையும் முடிக்க அது தாராளம்.

நகலெடுக்கும் இயந்திரத்தையும் மறந்துவிடாதீர்கள். வாடகைக்கு எடுக்கும் பெரிய இயந்திரங்கள் பலவற்றுக்குள் கணினியில் இருப்பதுபோல ஒரு வன்தட்டு இருக்கிறது. நீங்கள் நகலெடுத்த சான்றிதழ்களின் படம் அதற்குள் தங்கியிருக்கலாம். இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்முன் அதை அழித்துத் தரச் சொல்லி எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் வந்து குவிந்த ஐசி படங்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த மடல் முடியாது.

ஆனால் இத்தனையும் இரண்டாவது வேலை. வாங்காத தாளை அழிக்க வேண்டியதில்லை, வேலை அங்கேதான் தொடங்க வேண்டும். வயதைச் சரிபார்க்க வேண்டுமா? போட்டியன்று பிள்ளையின் மாணவர் அட்டையைப் பார்த்து, பட்டியலில் ஒரு டிக் போடுங்கள். நகல் எதற்கு? பள்ளி வழியாக வரும் பெயர்களுக்கு வகுப்பை ஆசிரியரே உறுதி செய்துவிடுகிறார், மேலே ஒரு சான்று எதற்கு? பரிசுப் பணம் கொடுக்க வேண்டுமென்றால் கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் பேநவ்வுக்குப் பெற்றோரின் எண் போதும், அதையும் ஜெயித்த பிள்ளைகளின் பெற்றோரிடம் மட்டும் கேளுங்கள். முந்நூறு பேர் பதிவு செய்தால் பரிசு வாங்குவது பத்துப் பேர். மிச்ச 290 குடும்பத்தின் விவரம் உங்கள் அலமாரியில் எதற்காக இருக்கிறது? முகவரிக் கட்டம் போன தலைமுறையில் சான்றிதழைத் தபாலில் அனுப்புவதற்காக வைத்தது. இப்போது யாரும் அனுப்புவதில்லை, கட்டம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு படியெடுக்கப்பட்டு வருகிறது.

பெயர், பள்ளி, வகுப்பு, தொடர்புக்கு ஒரு பெற்றோரின் எண். அடுத்த ஏப்ரலுக்கான படிவம் இந்த நான்கு கட்டங்களோடு வரட்டும். கீழே ஒரு வரி சேருங்கள்: “இந்தப் படிவம் பரிசளிப்பு முடிந்து 30 நாளில் அழிக்கப்படும், பொறுப்பு இன்னார்.” இன்னார் என்ற இடத்தில் ஓர் ஆளின் பெயர் இருக்க வேண்டும், “செயற்குழு” என்று போட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். படிவங்கள் பொதுவாக ஜனவரியிலேயே தயாராகிவிடும், அதனால் டிசம்பர் கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொண்டால் நல்லது.

அலமாரியில் ஏற்கெனவே தேங்கியிருக்கும் பெட்டிகளைப் பிரித்து, எதை வைப்பது எதை வெட்டுவது என்று பார்க்க ஆள் வேண்டுமென்றால் சனிக்கிழமை பிற்பகல்களில் நான் வருகிறேன். என் பி-4 இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு வருவேன், லிஃப்ட் இருக்கும் கட்டடமாக இருந்தால் நல்லது.

அன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு தொண்டூழியர்